யாருக்கும் உரியதல்லாத எண்

குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் அரசுகளிடையே பரவலாயிற்று. அது வேரூன்றிய நாடுகளிலெல்லாம், உண்மையான எண்ணுக்குப் பின்னாலேயே கற்பனையான எண்ணுக்கும் தேவை எழுந்தது. படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளக்கும் கையேட்டில் ஓர் எண் அச்சிடப்பட வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்குப் பயிற்சி தரச் சில பதிவுகள் வேண்டியிருந்தன. பிற்காலத்தில் ஒரு கணினி நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்கே ஆயிரக்கணக்கான பதிவுகள் தேவைப்பட்டன. இவ்வாறு விளக்கத்துக்காகவும் சோதனைக்காகவும் ஆக்கப்படும் பதிவுகளின் தொகுப்பே மாதிரித் தரவு எனப்படுகிறது. அதில் கற்பனைப் பெயரை எழுதுவதில் சிக்கல் இல்லை. ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்பதை அனைவரும் அறிவர். அடையாள எண்ணோ ஒருவருக்கு ஒன்று என்ற விதியின்மேல் நிற்பது. ஆகவே மனத்தில் தோன்றிய இலக்கங்களை வரிசையாக எழுதிவைத்தால், அது எங்கோ வாழும் ஒருவருடைய எண்ணாகவே அமைந்துவிடக்கூடும். இந்த இடரை அரசு அலுவலகங்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததாகச் சான்று இல்லை. பிறர் பட்ட துன்பத்தின் வழியாகவே அவை சிறிது சிறிதாக அதை உணர்ந்துகொண்டன.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளர்கள் பணிக்காலத்தில் ஈட்டிய கூலியைக் கணக்கிட்டு முதுமையில் ஓய்வூதியம் தருவதற்கு வகைசெய்தது. ஒருவர் ஊர் மாறினாலும் முதலாளி மாறினாலும் அவருடைய கூலிக் கணக்கு அறுபடாமல் தொடர வேண்டும் என்பதாலும், ஒரே பெயருடையவர்கள் எண்ணற்றோர் இருந்தமையாலும், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்றைத் தருவதெனச் சமூகப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. நாடெங்கும் கிளை அலுவலகங்கள் அமைக்க வாரியத்துக்கு அப்போது அவகாசம் இல்லை. எனவே 1936 நவம்பரில் தொடங்கிய வினியோகத்தை அஞ்சல்துறை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 45,000 அஞ்சலகங்களில் விண்ணப்பங்கள் கையாளப்பட, அவற்றுள் 1,074 அஞ்சலகங்கள் அட்டைகளைத் தட்டச்சு செய்துதரும் மையங்களாகவும் இயங்கின. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அது வழங்கப்பட்ட மாநிலத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் அம்மாநிலத்துக்குள் ஒரு தொகுதியையும், இறுதி நான்கு இலக்கங்கள் அத்தொகுதிக்குள் வரிசையையும் குறித்தன. நியூயார்க் மாநிலத்துக்கு 050 முதல் 134 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. தவறாக எழுதப்பட்ட எண்ணைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டும் உறுப்பு எதுவும் அந்த ஒன்பது இலக்கங்களுள் வைக்கப்படவில்லை. அக்காலத்தில் அது ஒரு குறையாகத் தோன்றவும் இல்லை. ஏனெனில் அந்த எண் கூலிக் கணக்குக்கான ஒரு பேரேட்டு எண் மட்டுமே என்று கருதப்பட்டது.

அட்டைகள் மக்கள் கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் தோல் பணப்பைகள் செய்துவந்த ஈ. எச். ஃபெர்ரீ என்னும் நிறுவனம் ஒரு விற்பனை உத்தியைக் கையாண்டது. புதிய அரசு அட்டை தன்னுடைய பணப்பைக்குள் எவ்வளவு பொருத்தமாக அமர்கிறது என்று வாங்குவோருக்குக் காட்டுவதற்காக, 1938இல் அந்நிறுவனம் ஒவ்வொரு பணப்பைக்குள்ளும் ஒரு மாதிரி அட்டையைச் செருகி வைத்தது. மாதிரி அட்டையில் ஓர் எண் வேண்டுமென்றபோது நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர், தம்முடைய செயலாளராகப் பணியாற்றிய பெண்மணியின் உண்மையான எண்ணையே எடுத்து அச்சிடச் செய்தார். 078 என்று தொடங்கிய அந்த எண் நியூயார்க்குக்கு உரிய வரிசையில் முறையாக அமைந்திருந்தது. பணப்பைகள் ஊல்வொர்த் கடைகளிலும் பிற பெரிய அங்காடிகளிலும் நாடு முழுவதும் விற்பனையாயின.

மாதிரி அட்டை உண்மை அட்டையில் பாதி அளவே இருந்தது. முழுவதும் சிவப்பு மையில் அச்சிடப்பட்டிருந்தது. அதன் முகத்தின் குறுக்கே மாதிரி என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இருந்தது. இவ்வளவும் இருந்தும், பணப்பையை வாங்கியவர்களுள் பலர் அந்த எண்ணைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு வேலையிடங்களில் கொடுக்கத் தொடங்கினர். போர்க்காலத் தொழிற்சாலைகளில் புதியவர்கள் பெருமளவில் சேர்ந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் மட்டும் 5,755 பேர் அதே எண்ணைப் பயன்படுத்தினர். காலப்போக்கில் அதைத் தம் எண்ணாகப் பதிந்தவர்களின் தொகை 40,000ஐத் தாண்டியது. வாரியம் அந்த எண்ணைச் செல்லாததாக்கி, அதன் உண்மையான உரிமையாளருக்கு வேறோர் எண்ணை வழங்கியது. எத்தனையோ பேருடைய கூலி ஒரே கணக்கில் வந்து விழுந்ததைப் பிரித்து உரியவர்களிடம் சேர்க்கும் பணியும் அதன் தலையில் விழுந்தது. 1977இல்கூடப் பன்னிரண்டு பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர் என்று சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தின் வரலாற்றுப் பதிவு கூறுகிறது. மாதிரியாக அச்சிடப்பட்டு இவ்வாறு பரவிய வேறு எண்களும் இருந்தன.

இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவோர், அட்டையை நம்பியவர்களின் அறியாமையைச் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொள்வது வழக்கம். அது நியாயமான முடிவாகத் தோன்றவில்லை. அரசு தரும் அட்டை எந்த அளவில் இருக்கும், எந்த நிறத்தில் இருக்கும் என்பதை அறிந்துகொள்ள அன்றைய தொழிலாளிக்கு வாய்ப்பு குறைவு, திட்டமே புதிது, அட்டை அச்சிட்ட தாளாகக் கைக்கு வந்திருந்தது, வேலை கொடுப்பவர் எண்ணைக் கேட்டார், கையிலிருந்த அட்டையில் எண் இருந்தது. முதலாளியின் கணக்கரும் அதை ஐயமின்றிப் பேரேட்டில் ஏற்றினார், ஏனெனில் ஏற்கத் தகாத எண் எது என்று காட்டும் அடையாளம் எதுவும் அதில் இல்லை. எச்சரிக்கைச் சொல் அட்டையின்மேல்தான் இருந்தது. எண்ணைப் படிவத்தில் பெயர்த்தெழுதிய கணத்தில் அந்தச் சொல் பின்தங்கிவிட, எண் மட்டும் தனியே பயணப்பட்டது. மாதிரி எண்ணைப் பற்றிய சிக்கல் முழுவதற்கும் இதுவே அடிப்படை: எண்ணைச் சுற்றி எழுதப்படும் எச்சரிக்கை எண்ணோடு கூடவே செல்வதில்லை, பாதுகாப்பு இருக்க வேண்டுமானால் அது எண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வாரியமே இதில் தவறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். திட்டத்தை விளக்குவதற்காக 1940இல் அது வெளியிட்ட சிறு கையேட்டில், 219-09-9999 என்ற எண்ணுடன் ஓர் அட்டையின் படம் அச்சிடப்பட்டிருந்தது. இது யாருடைய எண்ணும் அன்று, கையேட்டுக்காகவே புனையப்பட்டது. ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி வந்து, தம் எண்ணைப் புதிய முதலாளி ஏற்க மறுக்கிறார் என்று முறையிட்டார். அந்த எண் அவருடையதாக இருக்க இயலாது என்று அலுவலர்கள் சொன்னபோது, தம் கூற்றை மெய்ப்பிக்க அவர் 1940ஆம் ஆண்டுக் கையேட்டின் பிரதியையே எடுத்துக் காட்டினார். பணப்பை அட்டையில் உண்மை எண் மாதிரியாகத் திரிந்தது. இங்கே மாதிரி எண் உண்மையாகத் திரிந்தது. அரசின் முத்திரையோடு வந்த தாளை ஒரு குடிமகள் நம்பியதில் குறைகாண ஏதுமில்லை.

பின்னாளில் அமெரிக்காவில், விளம்பரங்களுக்கென்றே 987-65-4320 முதல் 987-65-4329 வரையிலான பத்து எண்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. 900க்கு மேல் தொடங்கும் எண் எவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணாக வழங்கப்படுவதில்லை என்பதால், இவற்றை யார் எங்கே பெயர்த்தெழுதினாலும் இன்னொருவருடைய கணக்கில் சென்று சேராது. பிரிட்டனின் வரித்துறை இதைவிடச் செம்மையான வழியைப் பின்பற்றுகிறது. அந்நாட்டின் தேசியக் காப்பீட்டு எண் இரண்டு எழுத்துகளில் தொடங்கும். முதலிரு எழுத்துகளில் கியூ என்ற ஆங்கில எழுத்து ஒருபோதும் இடம்பெறுவதில்லை. ஆகவே படிவங்களிலும் விளக்கங்களிலும் காட்டப்படும் மாதிரி எண் கியூ, கியூ என்றே தொடங்குகிறது. தொலைபேசி எண்களில் வட அமெரிக்கா 555-0100 முதல் 555-0199 வரை கற்பனைக் கதைகளுக்கென விட்டுவைத்திருப்பதும் இதே நெறியைச் சேர்ந்தது. இவை அனைத்திலும் பொதுவாக உள்ளது ஒன்றுதான்: எண்களை வழங்கும் அதிகாரமுடைய அமைப்பே முன்வந்து ஓர் இடைவெளியை விட்டு, அதை நிரப்பமாட்டோம் என்று வாக்களிக்கிறது. கையேடு எழுதுபவரோ நிரல் எழுதுபவரோ தம் விருப்பப்படி அத்தகைய இடைவெளியை உண்டாக்கிக்கொள்ள இயலாது.

கணினிகள் அரசு அலுவலகங்களுக்குள் வந்தபோது இச்சிக்கல் வேறொரு வடிவம் எடுத்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், எண்ணைப் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு முறைக்கு 1954இல் காப்புரிமை கோரி 1960இல் பெற்றார். எண்ணின் இறுதியில் கூடுதலாகச் சேர்க்கப்படும் ஓர் இலக்கம், முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும். அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்பர். 472 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக 2, 4 ஆகிய இலக்கங்களை இரட்டிக்க 8, 7, 4 கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 19. அடுத்த பத்தின் மடங்காகிய 20ஐ எட்ட வேண்டியது 1. எனவே முழு எண் 4721 ஆகிறது. எழுத்தர் கைதவறி 7ஐயும் 2ஐயும் இடம் மாற்றி 4271 என்று எழுதினால், இரட்டிக்கப்பட்ட 7 பதினான்காகி, அதன் இலக்கங்கள் 1, 4 என்று தனித்தனியே கூட்டப்பட, கூட்டுத்தொகை 15 வரும். இறுதி இலக்கம் 5 ஆக இருந்திருக்க வேண்டும். 1 இருப்பதால் பிழை வெளிப்பட்டுவிடுகிறது. 1947 முதல் குடிமக்களுக்கு எண் வழங்கிவந்த சுவீடன், பதிவுகள் கணினிமயமானபோது, 1967இல், இம்முறைப்படியான சரிபார்ப்பு இலக்கத்தைத் தன் எண்ணில் சேர்த்தது.

பிழையைத் தடுக்கும் இந்த ஏற்பாடு, பாதுகாப்பான கற்பனை எண்ணை ஆக்குவதை எளிதாக்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். சரிபார்ப்பில் வேண்டுமென்றே தோற்கும் எண்ணை எழுதினால் அது எவருடையதாகவும் இராது என்பது உண்மையே. அச்சிடப்படும் கையேட்டுக்கு அது போதும். கணினி நிரலைச் சோதிப்பவருக்கு அது பயன்படாது, ஏனெனில் நிரல் அத்தகைய எண்ணை முதற்படியிலேயே தள்ளிவிடும். படிவத்தின் அடுத்த பக்கம்கூடத் திறக்காது. எனவே சோதனைக்குச் சரிபார்ப்பில் தேறும் எண்ணே வேண்டியிருக்கிறது. தேறும் எண்களோ பெரும்பாலும் மக்களுக்கு வழங்கப்பட்டவை. சுவீடனின் எண் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும் ஆறு இலக்கங்களில் தொடங்கி, மூன்று இலக்கப் பிறப்பெண்ணுடன் தொடர்ந்து, சரிபார்ப்பு இலக்கத்தில் முடிகிறது. அதாவது ஒரு நாளில் பிறந்தோருக்கு ஆயிரம் எண்களுக்கு மேல் கிடையாது. பிறந்த நாள் சரியாகத் தெரியாத குடியேறிகள் பலருக்கு ஜனவரி முதல் நாள் போன்ற நாள்களே பதியப்பட்டமையால், சில நாள்களுக்குரிய எண்கள் முற்றிலும் தீர்ந்துபோயின. இவ்வளவு நெருக்கமாக நிரம்பிய எண்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை ஆக்கினால், அது உயிருள்ள ஒருவரைச் சுட்டும் வாய்ப்பு மிக அதிகம். சோதனைக்கென எவரும் பயன்படுத்தத்தக்க எண்களை அந்நாட்டு வரித்துறை தானே வெளியிட்டுவருவதன் காரணம் இதுவே. பின்லாந்தோ மூன்றிலக்கத் தனியெண்ணில் 900 முதல் 999 வரையிலான பகுதியை உண்மைக் குடிமக்களுக்கு வழங்காமல், தற்காலிகப் பயன்பாட்டுக்கும் சோதனைக்குமென விட்டுவைத்துள்ளது.

பிறந்த தேதியை உள்ளடக்கிய எண்களுக்கு மட்டுமே உரிய ஒரு வசதி உண்டு. நாள்காட்டியில் பன்னிரண்டு மாதங்களும் முப்பத்தொரு நாள்களுமே உள்ளன. இரண்டிலக்க இடத்திலோ 99 வரை எழுதலாம். எஞ்சிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த வெறுமையை அரசுகள் வெவ்வேறு அடையாளங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டன. நிரந்தரமாகத் தங்காத அயலவருக்கு நார்வே நாளுடன் 40ஐயும் சுவீடன் 60ஐயும் கூட்டி எண் வழங்குகின்றன. இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணில் ஆண்டின் எத்தனையாவது நாளில் ஒருவர் பிறந்தார் என்பது மூன்று இலக்கங்களில் எழுதப்பட, பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படுகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அட்டை வைத்திருக்கும் எவரும், எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் உரியவர் ஆணா பெண்ணா, எந்த நாளில் பிறந்தவர் என்பதைச் சொல்லிவிடுவர். இத்தகைய எண்ணை மாதிரியாக வெளியிடும்போது எண் மட்டுமன்றி ஒருவருடைய பிறந்த நாளும் பாலும் சேர்ந்தே வெளியாகின்றன என்பதால், இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது.

நார்வே வரித்துறை இவ்வசதியைச் சோதனைக்கே பயன்படுத்தியது இத்துறையில் இதுவரை கண்ட தீர்வுகளுள் மிகச் சிறந்தது எனலாம். அத்துறை, நாட்டின் மக்கள்தொகைப் பதிவேட்டைப் போன்ற இன்னொரு பதிவேட்டை முழுக்க முழுக்கக் கற்பனை மாந்தரைக் கொண்டு ஆக்கியுள்ளது. அம்மாந்தருக்கு முகவரி உண்டு, குடும்பம் உண்டு. அவர்களுடைய எண்கள் சரிபார்ப்புக் கணக்கிலும் தேறும். ஆனால் ஒவ்வொருவருடைய எண்ணிலும் பிறந்த மாதத்துடன் 80 கூட்டப்பட்டிருக்கும்: ஜனவரி 81 ஆகிறது, டிசம்பர் 92 ஆகிறது. இப்பதிவு கைமாறிக் கைமாறி எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்த எச்சரிக்கைச் சொல்லும் உடன் செல்லாவிட்டாலும், அதன் எண்ணே அது கற்பனை என்பதைச் சொல்லிவிடும். இதற்காக, இவ்வெண்களைக் கொண்டு சோதிக்கப்படும் நிரல்கள் 81ஆம் மாதத்தை ஏற்கும்படி எழுதப்பட வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு உழைப்பைத் தவிர்ப்பதற்காக உண்மையான குடிமக்களின் பதிவுகளைப் படியெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, எண்ணை அப்படியே விட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளின் அலுவலகங்களில் வேரூன்றியது வருந்தத்தக்கது. பெயரைவிட எண்ணே ஆளைத் துல்லியமாகக் காட்டுவது. அதை விட்டுவைத்துப் பெயரை மறைப்பதால் எவருக்கும் காப்பு கிடைப்பதில்லை.

வழங்கப்படாத எண் எதுவாயினும் என்றும் பாதுகாப்பானது என்று கருதுவதும் சரியன்று. அமெரிக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் மாநிலத்தைக் குறித்துவந்தமையால், பிறந்த இடத்தையும் நாளையும் கொண்டு ஒருவருடைய எண்ணைப் பெருமளவு ஊகிக்க இயலும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலெஸாண்ட்ரோ அக்விஸ்டியும் ரால்ஃப் கிராஸும் 2009இல் நிறுவினர். 2011 ஜூன் 25 முதல் அந்த மாநிலப் பொருத்தம் கைவிடப்பட்டு எண்கள் முன்னொழுங்கின்றி வழங்கப்படலாயின. அதுவரை 772க்கு மேல் தொடங்கும் எண்கள் புழக்கத்தில் இல்லை. எனவே 800 என்றோ 850 என்றோ தொடங்கும் எண்ணை எழுதினால் போதும் என்று நம்பி மாதிரித் தரவு ஆக்கியோர் இருந்திருப்பர். அந்த நாள் முதல் 899 வரையிலான வரிசைகள் பிறக்கும் குழந்தைகளுக்கும் வழங்கத்தக்கவையாயின. காலியாக இருக்கும் இடமும் காலியாகவே வைக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்ட இடமும் வெவ்வேறு என்பதை அம்மாற்றம் உணர்த்தியது.

இந்தியாவில் 2009இல் அமைக்கப்பட்ட இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம், 2010 செப்டம்பரில் மராட்டிய மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தின் டெம்பிலி சிற்றூரில் முதல் ஆதார் எண்ணை வழங்கியது. பிறந்த தேதி, ஊர், பால் என எதையும் எண்ணுக்குள் வைக்கக்கூடாது என்பது தொடக்கத்திலேயே எடுக்கப்பட்ட முடிவு. பன்னிரண்டு இலக்கங்களுள் இறுதி இலக்கம், டச்சுக் கணிதவியலர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறைப்படி கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், எல்லாச் சூழலிலும் கண்டுபிடிக்க வல்லது என்பதால் அது லூனின் முறையைவிட வலியது. முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருப்பதில்லை. இவ்விதிகளின்படி அமையத்தக்க எண்கள் 8,000 கோடி. வழங்கப்பட்டவை 130 கோடிக்கும் மேல். ஆகவே சரிபார்ப்பில் தேறும்படி ஒருவர் கற்பனையாக ஆக்கும் ஆதார் எண், ஏறத்தாழ அறுபதில் ஒன்று என்ற விகிதத்தில் உண்மையான ஒருவருடையதாக அமையும். நூறு வரிகள் கொண்ட மாதிரிப் பட்டியலில் ஓரிருவர் உயிருள்ள மனிதராக இருக்கக்கூடும் என்பது இக்கணக்கின் பொருள். பத்தாயிரம் வரிகள் கொண்ட சோதனைத் தரவிலோ அத்தொகை நூற்றைம்பதைத் தாண்டும். ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதை நினைவிற்கொண்டால், அறியாமல் நேரும் இந்த வெளியீட்டை வெறும் எழுத்துப்பிழையாகக் கொள்வதற்கில்லை.

அச்சில் காட்டும் மாதிரி அட்டைகளில் முதல் எட்டு இலக்கங்களுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போன்ற எழுத்துகளை இட்டு, இறுதி நான்கை மட்டும் காட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் மறைக்கப்பட்ட ஆதார் அட்டையும் இவ்வடிவிலேயே அமைகிறது. நிரல் எழுதுவோருக்கு ஆணையம் தன் சோதனைச் சூழலுக்கென்றே தனி எண்களை வைத்துள்ளது. அவை அச்சூழலுக்குள் மட்டுமே விடைதரும். இவை இரண்டும் கைக்கெட்டாதபோது 0 அல்லது 1இல் தொடங்கும் எண்ணை எழுதுவது இன்றைக்கு எவரையும் சுட்டாது என்பது உண்மை. ஆயினும் அவ்வெண்கள் மாதிரிக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல, ஆணையத்தின் எண்ணமைப்பில் எதிர்காலத் தேவைக்கென நிறுத்திவைக்கப்பட்டவை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தும் கையேடுகளும் நிரல்களும், எந்த ஆண்டில் எந்த விதியை நம்பி அவ்வெண் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை உடன் குறித்துவைத்தால், விதி மாறும் நாளில் திருத்த வேண்டிய இடம் எது என்பதைப் பின்வருவோர் தேடாமல் கண்டுகொள்வர்.